பாரமான கால்கள்

யானைக்கால் நோயைக் குறித்துப் பேசத் தொடங்கினால், "அதுதான் ஒழிந்துவிட்டதே ஐயா" என்று நம் சபையார் பலர் சொல்லுகிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. தஞ்சாவூர், கடலூர், செங்கல்பட்டுப் பகுதிகளில் இந்த நோயாளிகளைத் தெருவுக்குத் தெரு கண்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. ஆண்டுக்கு ஒரு முறை வீடு வீடாக மாத்திரை வழங்கியதன் பலனாக, இன்று பிள்ளைகளின் இரத்தத்தில் இக்கிருமி மிகவும் அரிதாகிவிட்டது. அண்டை நாடாகிய இலங்கையில் இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதபடி ஒழிக்கப்பட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில் அறிவித்தது. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வீங்கிப்போன கால் எந்த அறிவிப்பினாலும் வடிந்துவிடுவதில்லை. அந்தக் கால்களைச் சுமந்துகொண்டு இன்னும் வாழ்கிறவர்களைப் பற்றியே இங்கே எழுதுகிறோம்.

வார்டில் இவர்களுடைய கட்டிலருகே உட்கார்ந்தால் எங்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி மருந்தைப் பற்றியதல்ல. "நான் என்ன பாவம் செய்தேன்?" என்பதே. நாங்கள் கொடுக்கிற பதில் ஒரே வார்த்தை: கொசு. சீனாவின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பாட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் 1877ஆம் ஆண்டிலேயே இதைக் கண்டறிந்தார். நோயாளியின் இரத்தத்திலுள்ள நுண்ணிய புழுக்கள் கொசுவின் உடலுக்குள் சென்று வளருவதை அவர் பார்த்தார். சாக்கடையிலும் தேங்கிய அழுக்குத் தண்ணீரிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசுதான் நம் நாட்டில் இதைப் பரப்புகிறது. ஒன்றிரண்டு கடியால் நோய் வந்துவிடாது. மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காகக் கடி வாங்கியிருக்கவேண்டும். பெரும்பாலும் சிறுவயதில் ஏறிய கிருமி, கலியாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகே காலில் தெரியவரும். தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது.

உள்ளே நடப்பது இதுதான். நம் உடலில் இரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர்க் குழாய்களும் உண்டு. திசுக்களில் கசியும் நீரைத் திரும்ப எடுத்துச் செல்லுகிற வாய்க்கால்கள் என்று அவற்றைச் சொல்லலாம். நூல் போன்ற வளர்ந்த புழுக்கள் அந்த வாய்க்கால்களிலே ஆண்டுக்கணக்காகக் குடியிருக்கின்றன. குழாய் விரிந்து, அதன் அடைப்பிதழ்கள் கெட்டுப்போகின்றன. மேலே ஏறவேண்டிய நீர் காலிலேயே தங்கிவிடுகிறது. காலையில் சற்றுக் குறைந்திருக்கும் கால், சாயங்காலத்தில் ஈர மணல் மூட்டையைக் கட்டியது போல் கனக்கிறது என்று நோயாளிகள் சொல்லுகிறார்கள். புழு செத்த பிறகும் கெட்ட வாய்க்கால் கெட்டதுதான். மாத்திரை சாப்பிட்டும் கால் சிறுக்கவில்லையே என்று மனம் கசந்து போகிறவர்களுக்கு இதைப் பொறுமையாக விளக்கவேண்டியிருக்கிறது. மாத்திரை இரத்தத்திலுள்ள கிருமிக்கு. வீங்கிய காலுக்கு வேறு வைத்தியம்.

அந்த வேறு வைத்தியத்தைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். சோப்பு, தண்ணீர், காய்ந்த துணி.

காலைப் பெருக்க வைப்பது புழு மாத்திரமல்ல. ஆண்டில் சில தடவை இவர்களுக்குக் குளிர் காய்ச்சல் வரும். தொடை இடுக்கில் நெறி கட்டும். கால் சிவந்து நெருப்பாய்க் கொதிக்கும். நாலைந்து நாள் படுக்கையிலிருந்து எழும்ப முடியாது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அந்த வாரம் அடுப்பு எரியாது. இந்தக் காய்ச்சலைக் கொசுவோ புழுவோ நேரே உண்டாக்குவதில்லை. விரல் இடுக்கிலுள்ள சேற்றுப்புண், குதிகால் வெடிப்பு, சிராய்ப்பு ஆகியவற்றின் வழியாகச் சாதாரண பாக்டீரியாக்கள் உள்ளே நுழைவதால்தான் அது வருகிறது. நீர் தேங்கிய காலால் அவற்றை எதிர்த்து நிற்க முடிவதில்லை. ஒவ்வொரு காய்ச்சலும் தணியும்போது காலை முன்னிலும் சற்றுப் பருமனாக விட்டுப்போகிறது. ஆகவே அந்த வாசலை அடைத்துவிட்டால் காய்ச்சல் குறையும். காலும் மேலும் பெருக்காது. ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்குச் சற்று வடியவும் செய்யும்.

கழுவுவதிலும் ஒரு முறை இருக்கிறது. வெந்நீர் ஆகாது, சாதாரணத் தண்ணீர் போதும். முழங்காலிலிருந்து கீழ்நோக்கி, தோல் மடிப்பு ஒவ்வொன்றையும் விரித்து, சோப்பு நுரையைக் கையால் மெதுவாகத் தேய்க்கவேண்டும். பிரஷ், நார் எதுவும் கூடாது. தண்ணீர் தெளிந்து வடியும் வரை அலசவேண்டும். அதற்குப் பின்பு வருவதுதான் பலர் விட்டுவிடும் காரியம்: துடைப்பது. விரல் இடுக்குகளை மெல்லிய துணியால் ஒற்றி, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தவேண்டும். சேற்றுப்புண் இருந்தால் மருத்துவர் தந்த களிம்பைத் தடவவேண்டும். எங்கள் செவிலியர்கள் முதல் நாள் இதைச் செய்து காட்டும்போது அரை மணி நேரம் ஆகிறது. பெரிய வியாழனன்று ஆலயத்தில் நாம் பன்னிரண்டு பேருடைய பாதங்களில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி ஒற்றி எடுப்பதற்கும் இதற்கும் வெகு தூரம்.

நாற்று நடுகிற ஒரு சகோதரியை நினைத்துப் பார்க்கிறோம். சேற்றில் நிற்பதே அவருடைய பிழைப்பு. "வயலில் இறங்காதே" என்று சொல்லிவிடுவது எங்களுக்கு எளிது. அவருக்கு அரிசி யார் கொடுப்பார்? வேலை முடிந்தவுடன் வரப்பிலேயே கழுவித் துடைத்துச் செருப்புப் போட்டுக்கொள்ளவும், இரவில் கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்திப் படுக்கவும் அவருக்குச் செவிலியர் கற்றுக்கொடுத்தார்கள். மாமியார்தான் முதலில் முகம் சுளித்தார்களாம். பிற்பாடு துண்டை எடுத்துக் கொடுப்பதே அவர்கள்தான். மாதந்தோறும் வந்த காய்ச்சல் அந்த ஆண்டு இரண்டே முறை வந்தது. கால் சிறுத்ததா என்று கேட்டோம். "சிறுக்கல ஐயா, ஆனா வேலைக்குப் போறேன்" என்றார்.

செய்யக்கூடாதவையும் உண்டு. காய்ச்சல் வந்த நாட்களில் சூட்டு ஒத்தடம் கொடுப்பதும், காலைப் பிடித்து உருவுவதும், கட்டை பிளேடால் கீறி நீர் வடிப்பதும் கேட்டைத்தான் உண்டாக்கும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் போட்டு, ஓய்வெடுத்து, தாமதமின்றி மருத்துவரிடம் காட்டவேண்டும். இருதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் காலை உயர்த்திப் படுக்கவேண்டாம். வீங்கிய கால் எல்லாம் யானைக்காலும் அல்ல. சிறுநீரகம், இருதயம், ஈரல் கெட்டாலும் வீக்கம் வரும், அப்பொழுது பெரும்பாலும் இரு கால்களும் சேர்ந்து வீங்கும். ஆண்களுக்கு இதே நோயினால் வரும் விரை வீக்கத்தை அறுவை சிகிச்சையால் சரிசெய்ய முடியும். வெட்கத்தினால் அதை மறைத்துக்கொண்டு முதுமையடைகிறவர்கள் இன்னும் இருப்பதுதான் எங்களுக்கு ஆற்றாமை.

தமிழ்நாட்டில் கால் மிகவும் முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கு அரசு மாதாந்தர உதவித்தொகை அளிக்கிறது. உங்கள் ஊரில் அப்படிப்பட்டவர் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து, மனு எழுத உதவுங்கள். இன்னொன்று: இவர்களில் பலர் ஆலயத்தில் கடைசி வரிசையில், சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு உட்காருகிறார்கள். இரண்டு மணி நேரம் தொங்கவிட்ட கால் ஆராதனை முடியுமுன்பே கனத்துப்போகும். சுவரோரமாக ஒரு நாற்காலியும், கால் வைக்க எதிரே ஒரு முக்காலியும் போட்டுக் கொடுங்கள். முக்காலியின் மேல் ஒரு தலையணை இருந்தால் இன்னும் நல்லது.