பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்

கல்யாணத் தரகரை நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாமல் இராது. பிள்ளை வீட்டில், "பெண் மகாலட்சுமி" என்பார். பெண் வீட்டில், "பிள்ளை தங்கக் கம்பி" என்பார். இரண்டு வீட்டிலும் காப்பி சாப்பிடுவார். இரண்டு வீட்டிலும் கமிஷன் வாங்குவார். ஆனாலும் அவர்மேல் நமக்குக் கோபம் வருவதில்லை. அவர் இரண்டு பக்கமும் வாங்குகிறவர் என்பது இரண்டு பக்கத்தாருக்கும் தெரியும். அவர் சொல்லில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியை நாமே விசாரித்துக் கொள்கிறோம்.

மாட்டுச் சந்தைத் தரகர் இன்னும் ஒரு படி மேலே. தோள் துண்டை எடுத்துக் கையின்மேல் போர்த்துவார். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவருக்குக்கூட விலை தெரியாது. அதிலும் பெரிய தப்பில்லை. மாடு ஒருவருடையது, பணம் மற்றவருடையது. இருவருடைய கையும் துண்டுக்குள்ளேதான் இருக்கிறது.

சர்க்கார் காரியத்தில் அதே துண்டைப் போர்த்தினால் என்ன ஆகும்? அங்கே பணம் நம்முடையது. வாங்குகிற சாமானும் நமக்காகத்தான். துண்டுக்குள் இருக்கும் கைகள் மாத்திரம் நம்முடையவை அல்ல!

வேப்பனப்பள்ளிக்கு வர வேண்டிய கம்பி

கிருஷ்ணகிரிக்கு வடக்கே வேப்பனப்பள்ளி இருக்கிறது. சட்டசபைத் தொகுதிப் பட்டியலில் அதன் பெயர் வேப்பனஹள்ளி. ஒரு பக்கம் கர்நாடகம், மறு பக்கம் ஆந்திரம். சந்தைக்குப் போனால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். மாமரங்களுக்குப் பெயர் பெற்ற மாவட்டம் அது. பெங்களூரா மாம்பழம் கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகும். கொஞ்சம் மேற்கே போனால் ஓசூர். கடிகாரம், மோட்டார் சைக்கிள், லாரி எல்லாம் அங்கே உருவாகின்றன. கைபேசிக்கான உதிரி பாகங்கள் செய்யும் ஆலையில் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வேலை செய்கிறார்கள்.

கைபேசி செய்யும் மாவட்டமாக இருந்தும், மலையோரத்துக் கிராமங்களுக்கு நல்ல இணையத் தொடர்பு கிடைப்பது எளிதாக இல்லை. இந்தக் குறை தேசம் முழுவதும் உண்டு. அதைப் போக்கத்தான் மத்திய அரசு 2011ஆம் ஆண்டில் ஒரு திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. பிற்பாடு அதற்குப் 'பாரத்நெட்' என்று பெயர் வந்தது. கண்ணாடி இழைக் கம்பியை ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் கொண்டு போய்ச் சேர்ப்பதே நோக்கம். தமிழ்நாட்டில் அப்போது 12,500க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருந்தன. அந்த வேலைக்கென்றே மாநில அரசு 'டான்பிநெட்' என்ற பெயரில் ஒரு கார்ப்பரேஷனை ஏற்படுத்தியது. வேப்பனப்பள்ளி ஒன்றியத்துக் கிராமங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தவையே.

2019 டிசம்பரில் டெண்டர் கோரப்பட்டது. மதிப்பு சுமார் 1,950 கோடி ரூபாய். 2020 ஏப்ரலில், ஊரெல்லாம் கொரோனாவுக்குப் பயந்து கதவைச் சாத்திக் கொண்டிருந்த சமயத்தில், டெண்டரின் நிபந்தனைகள் திருத்தப்பட்டன. 'அறப்போர் இயக்கம்' என்ற அமைப்பு உடனே புகார் எழுப்பியது. குறிப்பிட்ட சில கம்பெனிகளுக்கு மட்டும் பொருந்தும்படி நிபந்தனைகள் மாற்றப்பட்டுள்ளன என்பது அவர்கள் குற்றச்சாட்டு. எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க.வும் குரல் கொடுத்தது. மாநில அமைச்சர் அதை அடியோடு மறுத்தார்.

புகார் டில்லிக்குப் போயிற்று. மத்திய தொழில் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை அதைப் பரிசீலித்தது. 2020 ஜூன் மாதக் கடைசியில் உத்தரவு வந்தது. நிபந்தனைகள் போட்டியை ஒடுக்குகின்றன. அவற்றை நீக்கிவிட்டுப் புதிதாக டெண்டர் கோர வேண்டும் என்பது அதன் சாரம்.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இன்னார் பணம் வாங்கினார், இன்னார் தரகு செய்தார் என்று தீர்ப்பு எழுதிய உத்தரவு அல்ல அது. நிபந்தனைகளைப் பற்றிய உத்தரவுதான். ஆனால் நிபந்தனை என்பது சாமானிய விஷயமா?

மச்சம் உள்ள மாப்பிள்ளை

பத்திரிகையில் ஒரு வரன் விளம்பரம் வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். "மாப்பிள்ளை தேவை. பட்டதாரி. நல்ல உத்தியோகம்." இது நியாயமான விளம்பரம். நூறு பேர் ஜாதகம் அனுப்பலாம். மறு வாரம் ஒரு திருத்தம் வருகிறது. "உயரம் ஐந்தடி ஏழரை அங்குலம் இருக்க வேண்டும். இடது கன்னத்தில் மச்சம் வேண்டும். வீட்டு வாசலில் வேப்பமரம் அவசியம்." படித்தவுடன் நமக்குப் புரிந்துவிடும். மாப்பிள்ளையை முன்பே நிச்சயம் செய்துவிட்டார்கள். விளம்பரம் ஊருக்காக!

டெண்டரிலும் இப்படியே நடக்கலாம். கடைசியில் பெட்டியைத் திறந்து எண்ணும்போது எல்லாம் சட்டப்படிதான் இருக்கும். குறைந்த விலை கேட்டவருக்கே கொடுத்திருப்பார்கள். ஆனால் கேட்க முடிந்தவர்களே இரண்டு பேர்தான் என்றால், குறைந்த விலைக்கு என்ன அர்த்தம்?

கனடாவில் ஒரு செயலி

"நம் ஊரில் மட்டும்தான் இப்படி" என்று அலுத்துக் கொள்ளத் தேவையில்லை. டொராண்டோவில் மகனோ மகளோ இருக்கும் வீடுகளில் 'அரைவ்கேன்' என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். கொரோனாக் காலத்தில் கனடாவுக்குப் போகிறவர்கள் தடுப்பூசி விவரத்தையும் பிரயாண விவரத்தையும் அந்தக் கைபேசிச் செயலியில் பதிய வேண்டியிருந்தது. இங்கிருந்து பேரன் பேத்தியைப் பார்க்கப் போன பாட்டிமார்கள் அதனோடு பட்ட பாடு கொஞ்சமல்ல.

2020 ஏப்ரலில் அது வெளிவந்தபோது முதல் செலவு சுமார் 80,000 டாலர். 2024 பிப்ரவரியில் அந்நாட்டுத் தணிக்கைத் தலைவர் காரென் ஹோகன் கணக்கெடுத்தபோது, ஏறக்குறைய 5 கோடியே 95 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார். 'மதிப்பிட்டார்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சரியான தொகையைச் சொல்ல முடியாதபடி கணக்குப் புத்தகங்கள் அவ்வளவு மோசமாக இருந்தன!

அதில் சுமார் 1 கோடியே 91 லட்சம் டாலர் 'ஜி.சி. ஸ்ட்ராட்டஜீஸ்' என்ற ஒரு கம்பெனிக்குப் போயிற்று. அந்தக் கம்பெனியில் எத்தனை பேர் தெரியுமா? இரண்டே பேர். அவர்கள் செயலியை எழுதவில்லை. எழுதத் தெரிந்தவர்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது வரை கமிஷன் எடுத்துக் கொண்டார்கள்.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று தணிக்கை அறிக்கையில் இருந்தது. பிற்பாடு வந்த 2 கோடியே 50 லட்சம் டாலர் ஒப்பந்தத்துக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று வகுத்ததில் அந்தக் கம்பெனிக்கே பங்கு இருந்தது. ஒப்பந்தமும் அதற்கே கிடைத்தது. பரீட்சை எழுதுகிற பையனே கேள்வித்தாளும் தயாரித்தால் முதல் மார்க் வாங்காமல் என்ன செய்வான்?

அதே செயலியில் வேலை செய்த மற்றொரு கம்பெனியின் தலைவர், தேசப் பாதுகாப்புத் துறையில் சம்பளம் வாங்கும் சிப்பந்தியாகவும் இருந்தார் என்று 2024ல் தெரிய வந்தது. தாம் தவறு ஏதும் செய்யவில்லை என்றார் அவர். ஆனாலும் அந்த வேலையில் அவர் நீடிக்கவில்லை. முதல் கம்பெனியின் பங்காளியைப் பாராளுமன்றத்துக்கு வரவழைத்து, சபையின் முன்னால் நிறுத்தி விசாரித்தார்கள். தனி மனிதர் ஒருவரை அங்கே அப்படி நிறுத்தியது 1913க்குப் பிறகு அதுவே முதல் தடவை. 2025ல் அந்தக் கம்பெனிக்கு ஏழு வருஷம் சர்க்கார் ஒப்பந்தமே கிடையாது என்று உத்தரவாயிற்று.

புளியும் கம்ப்யூட்டரும்

கடையில் புளி வாங்கும்போது நாம் சும்மாவா வாங்குகிறோம்? கொட்டை இருக்கிறதா, ஈரம் ஏறியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்கிறோம். புதுப் புளியா, பழம் புளியா என்று நிறத்திலேயே தெரிந்து கொள்கிறோம். ரோடு போட்டாலும் அப்படியே. ஒரு மழையில் கதை வெளிப்பட்டுவிடும்.

கம்ப்யூட்டர் சமாசாரம் அப்படியல்ல. ஒரு செயலிக்கு எத்தனை நாள் வேலை, எத்தனை ஆள், என்ன விலை என்பதை அழுத்திப் பார்க்க முடியாது. வாங்குகிற உத்தியோகஸ்தருக்கும் பல சமயம் தெரிவதில்லை. ஆகவே அவர் விற்கிறவரையே யோசனை கேட்கிறார். விற்கிறவர் சந்தோஷமாக யோசனை சொல்கிறார்! வாங்கியபின் பழுது பார்க்கவும் அவரையே கூப்பிட வேண்டியிருக்கிறது. தரகர் நுழைவதற்கு இதைவிட அகலமான வாசல் வேறு வேண்டுமா?

எல்லாத் தரகரும் பொல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. சிதறிக் கிடக்கும் சிறு தொழிலாளிகளை ஒன்று சேர்த்து, பெரிய வேலையைப் பொறுப்பாக முடித்துத் தருபவருக்குக் கூலி உண்டு. தேன் எடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா என்பார்கள். புறங்கையை நக்கினால் பொறுக்கலாம். குடத்தையே கொண்டு போனால்? அதுவும் குடத்துக்குக் காவல் இருந்தவரே வழி காட்டினால்?

இந்தக் கவலை புதிதல்ல. 1962ல் மத்திய அரசு ஊழல் தடுப்புக்கு ஒரு கமிட்டி அமைத்தது. அதற்குத் தலைவர் நம் தமிழ்நாட்டுக்காரரான கே. சந்தானம். அந்தக் கமிட்டியின் யோசனைப்படிதான் 1964ல் மத்திய கண்காணிப்பு ஆணையம் பிறந்தது. டெண்டர்களைப் பகிரங்கமாக நடத்த வேண்டும் என்று தமிழ்நாடு 1998ல் ஒரு சட்டம் செய்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகம் 1999ல் செய்தது. அறிவிப்பை வெளியிட வேண்டும். அவகாசம் கொடுக்க வேண்டும். கேட்டவர்கள் முன்னிலையில் திறக்க வேண்டும். துண்டை விலக்குவதற்கான சட்டங்கள்தாம் இவை.

தாமதத்துக்கு யார் பொறுப்பு?

மறுபடி வேப்பனப்பள்ளிக்கு வருவோம். புது டெண்டர் கோரி, வேலையைப் பிரித்துக் கொடுத்து, 2022 ஜூனில்தான் கன்னியாகுமரி மாவட்டத்தில் பணி துவங்கியது. செலவு 1,815 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதற்கிடையில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. பாடம் கைபேசிக்குள் போய்விட்டது. சிக்னல் தேடிக் கிராமத்துப் பிள்ளைகள் மேட்டிலும் மரத்திலும் ஏறிய சேதியைப் பத்திரிகைகளில் படித்தோம். டெண்டர் உடனே முடிந்திருந்தாலும் கம்பி அந்த வருஷமே எல்லா ஊருக்கும் வந்திராது என்பது வாஸ்தவம். ஆனாலும் கழிந்த மாதங்கள் கழிந்தவைதாமே!

"புகார் செய்ததால்தானே தாமதம்?" என்று சிலர் கேட்கலாம். சோற்றில் கல் கிடக்கிறது என்று சொன்னவரையா கோபிப்பது? அரிசியைக் களையாமல் உலையில் போட்டவரையல்லவா கேட்க வேண்டும்? முதலிலேயே நிபந்தனைகள் நேராக இருந்தால் புகாருக்கும் இடமில்லை, தாமதத்துக்கும் இடமில்லை.

பட்டணத்து வீடுகளில் இருக்கும் நமக்கும் இதில் பங்கு உண்டு. ரேஷன் கடையில் விரல் ரேகை பதியும் இயந்திரம், பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர், வரி கட்டும் இணையதளம் எல்லாம் இப்படி வாங்கியவைதாம். 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு எழுதலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். மூன்றே கேள்விகள் போதும்: நிபந்தனைகளை எழுதியவர் யார்? அவற்றை நடுவில் மாற்றியது ஏன்? கொடுத்த பணத்தில் வேலை செய்தவருக்குப் போனது எவ்வளவு, நடுவில் நின்றது எவ்வளவு?

மளிகைக் கணக்கில் நாலணா குதித்தால் கடைக்காரரைக் கேள்வி கேட்காமல் விடுகிறவர்களா நாம்? அந்தக் கண்ணும் அந்த வாயும் சர்க்கார் கணக்குக்கும் கொஞ்சம் திரும்பட்டும். பாலுக்குக் காவல் வைத்தவர் பூனைக்கு எத்தனை நாளாகத் தோழர் என்பதை, பால் பாத்திரம் காலியாகும் முன்பே கேட்டுத் தெரிந்து கொள்வது நல்லது.