நான்கு உள்ளங்கை அளவு நிலம்

எஸ்.யூ.வி. என்று வழங்கும் உயரமான குடும்பக் காரின் ஓட்டுநர் இருக்கையில் ஒருமுறை அமர்ந்து பாருங்கள். ஸ்டீரிங் சக்கரத்தின் மேலேயே பல பொத்தான்கள். நடுவில் தொடுதிரை, அதன் கீழே குளிர்சாதனத்தின் குமிழ்கள். கியர்த் தண்டின் அருகே சறுக்கும் கார் ஒன்றின் படம் போட்ட பொத்தான். சரிவில் இறங்கும் கார் ஒன்றின் படம் போட்ட இன்னொரு பொத்தான். வாகனத்தோடு தடித்த கையேடு ஒன்றையும் கொடுத்திருப்பார்கள். அதை வாங்கியவர் படிப்பது அரிது. பெரும்பாலும் வீட்டிலுள்ள பள்ளி மாணவர்தான் அதைப் புரட்டிப் பார்த்து, "இது எதற்கு அப்பா?" என்று கேட்பார். அம்மாணவருக்காகவும், விடை சொல்ல வேண்டிய தந்தைக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு பொத்தானையும் விளக்கப் புகுந்தால் இதுவும் ஒரு கையேடாகிவிடும். அது தேவையில்லை. காரை ஓடச் செய்வன, நிறுத்துவன, திருப்புவன ஆகிய கருவிகள் எல்லாம் கடைசியில் ஒரே இடத்தில்தான் வேலை செய்கின்றன. டயர் தரையைத் தொடும் இடமே அது. ஒரு பொருளின் இயக்கத்தை மாற்ற வெளியிலிருந்து விசை வர வேண்டும் என்பது நியூட்டன் விதி. காற்றின் தடையை விட்டுவிட்டால், காருக்கு வெளியிலிருந்து பக்கவாட்டிலோ முன்பின்னாகவோ விசை தரக்கூடியது சாலை ஒன்றுதான்.

அந்த இடம் எவ்வளவு பெரியது? ஐவர் அமர்ந்து, பெட்டிகளும் ஏற்றிய காரின் நிறை 1,700 கிலோகிராம் எனக் கொள்வோம். எடை ஏறத்தாழ 16,700 நியூட்டன். ஒரு சக்கரத்தின் பங்கு சுமார் 4,200 நியூட்டன். டயரில் சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு வீதம் காற்று நிரப்பியிருந்தால், எடையை அழுத்தத்தால் வகுக்க, தரையைத் தொடும் பரப்பு சுமார் 180 சதுர சென்டிமீட்டர் என்று வரும். டயரின் சொந்த விறைப்பால் இது சற்று மாறலாம். விரல்களோடு சேர்த்து விரித்து வைத்த ஒரு கையின் பரப்பும் ஏறத்தாழ இவ்வளவுதான். ஒரு குடும்பமே இத்தகைய நான்கு உள்ளங்கை நிலத்தின் மேல்தான் பயணம் செய்கிறது.

உலர்ந்த தார்ச் சாலையில் டயரின் உராய்வு எண் 0.8 எனவும், நனைந்த சாலையில் 0.4 எனவும் கொள்ளலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், பிரேக் பிடித்த பின் உலர்ந்த சாலையில் 32 மீட்டரிலும், நனைந்த சாலையில் 63 மீட்டரிலும் நிற்கும். ஓட்டுநர் சுதாரிக்க ஒரு விநாடி ஆனால், அதற்குள் கார் கடந்துவிடும் 22 மீட்டரையும் கூட்டிக்கொள்ளுங்கள். கணக்கைப் போட்டுப் பார்க்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள். நிறை இருபுறமும் அடிபட்டுப் போகிறது. கனமான கார் உறுதியாக நிற்கும் என்பது வெறும் எண்ணமே.

நான்கு சக்கர இயக்கம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். எஞ்சினின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிப்பதால், சேற்றிலும் மணலிலும் புறப்படுவது எளிதாகிறது. நிற்பதற்கு அது உதவுவதில்லை. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும்தான் இருக்கிறது. மேலும் எஸ்.யூ.வி. என்ற பெயரில் விற்கும் குடும்பக் கார்களுள் பல, முன்சக்கரங்கள் இரண்டால் மட்டுமே இயங்குபவை. பெயரைக் கண்டு ஆற்றுமணலில் இறங்கிவிட வேண்டாம்.

ஏ.பி.எஸ். என்னும் சக்கரப் பூட்டுத் தடுப்புக்குப் பொத்தான் கிடையாது. பிரேக் மிதியே அதன் பொத்தான். பூட்டிக்கொண்ட சக்கரம் சறுக்கும். சறுக்கும் டயரின் உராய்வு சறுக்கும் திசைக்கு எதிராக மட்டுமே செயல்படும். ஸ்டீரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகவே போகும். உருளும் சக்கரத்தால்தான் திரும்ப முடியும். எனவே சக்கரம் பூட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்ததும், இக்கருவி பிரேக் அழுத்தத்தை விநாடிக்குப் பலமுறை தளர்த்தி இறுக்குகிறது. அப்போது காலின் கீழ் மிதி அதிரும். அதிர்ந்தால் பயந்து காலை எடுக்கக் கூடாது. முழு பலத்தோடு மிதித்தபடியே தடையை விலக்கித் திருப்ப வேண்டும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் கார்கள் எல்லாவற்றிலும் இது கட்டாயம்.

உயரத்தின் விலை

உயரமான கார் சாலையை நன்றாகக் காட்டுகிறது. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் ஏறி இறங்க வசதியாகவும் இருக்கிறது. ஆனால் அதன் ஈர்ப்பு மையமும் உயர்ந்துவிடுகிறது. இடவலச் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வரும் எண்ணே கார் கவிழாமைக்கு அளவுகோல். சாதாரணக் கார்களுக்கு இது பொதுவாக 1.3 முதல் 1.5 வரை, எஸ்.யூ.வி.களுக்கு 1.0 முதல் 1.3 வரை.

சக்கரங்களின் இடைவெளி 1.55 மீட்டர், ஈர்ப்பு மையம் 68 சென்டிமீட்டர் உயரத்தில் என்றால் இந்த எண் 1.14. இப்போது கூரையின் மேல் 100 கிலோ மூட்டையைக் கட்டுங்கள். ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 75 சென்டிமீட்டருக்கு உயர்ந்து, எண் 1.03 ஆகிவிடும். உராய்வு எண் 0.8 தானே, கார் கவிழ்வதற்கு முன் சறுக்கிவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். சமதளச் சாலையில் சரிதான். ஆனால் சறுக்கும் சக்கரம் சாலையோரக் கல்லிலோ மண் விளிம்பிலோ இடித்தால், அங்கே கிடைக்கும் பக்க விசைக்கு உராய்வு எண் வரம்பாகாது. சுமையைக் கூரையில் ஏற்றாமல் உள்ளே தரைமட்டத்தில் வையுங்கள்.

1997 அக்டோபரில் ஸ்வீடன் நாட்டு மோட்டார் இதழ் ஒன்று, புதிதாக வந்திருந்த மெர்சிடஸ் பென்ஸ் 'ஏ' வகைக் காரைச் சோதித்தது. அது சிறிய கார், ஆனால் உயரமானது. காட்டு மான் ஒன்று திடீரெனக் குறுக்கே வந்தால் ஒதுங்கித் திரும்புவதுபோல இடமும் வலமும் வளைத்து ஓட்டியபோது கார் கவிழ்ந்துவிட்டது. நிறுவனம் விற்பனையைச் சில காலம் நிறுத்திவைத்து, 1995 முதல் தன் விலையுயர்ந்த கார்களில் மட்டும் பொருத்திவந்த நிலைப்புக் கட்டுப்பாட்டுக் கருவியை அந்தச் சிறு காருக்கும் அளித்தது.

சறுக்கும் காரின் படம் போட்ட பொத்தான் அக்கருவிக்கு உரியதே. ஸ்டீரிங்கை எவ்வளவு திருப்பியிருக்கிறீர்கள் என்பதை ஓர் உணரி அளக்கிறது. கார் உண்மையில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை வேறோர் உணரி அளக்கிறது. இரண்டாவது உணரிக்குள் அதிர்ந்துகொண்டிருக்கும் நுண்ணிய சிலிக்கன் பகுதி ஒன்று, கார் திரும்பும்போது கொரியாலிஸ் விளைவால் பக்கவாட்டில் விலகுகிறது. இரு அளவுகளும் பொருந்தாவிட்டால், தேவையான ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்துக் கருவி காரை நேர்வழிக்குக் கொண்டுவருகிறது. எந்த ஓட்டுநராலும் ஒரு சக்கரத்துக்கு மட்டும் தனியே பிரேக் போட முடியாது.

அந்தப் பொத்தான் கருவியை இயக்குவதற்கு அன்று, நிறுத்துவதற்கு! சேற்றில் சிக்கிய சக்கரத்தைச் சுழலவிட்டு வெளியேற வேண்டிய சமயத்தில் மட்டுமே அதைத் தொட வேண்டும். கார் வாங்குவோர் கூரை திறக்குமா என்று முதலில் கேட்கிறார்கள். இக்கருவி இருக்கிறதா என்று முதலில் கேட்பது நல்லது.

மலையிலிருந்து இறங்கும்போது

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் காரை எடுத்துக்கொள்வோம். உயர வேறுபாடு ஏறத்தாழ 1,800 மீட்டர். நம் 1,700 கிலோ காரின் நிலையாற்றலில் குறைவது மூன்று கோடி ஜூல். முப்பது டிகிரியில் உள்ள நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க இது போதும். கீழே வந்து சேர்வதற்குள் இவ்வளவு ஆற்றலையும் எங்கேனும் கழித்தாக வேண்டும். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாதையில், டயர் உருள்வதன் தடையும் காற்றின் தடையும் சேர்ந்து ஏறத்தாழ பாதியை ஏற்றுக்கொள்ளும் எனக் கணக்கிடலாம். மீதி ஒன்றரைக் கோடி ஜூலைப் பிரேக் தட்டுகளே ஏற்க வேண்டுமானால்? தட்டுகளின் இரும்பு மொத்தம் 25 கிலோ எனக் கொண்டால், இடையில் சிறிதும் ஆறாவிட்டால், வெப்பநிலை 1,300 டிகிரி உயரும். வார்ப்பிரும்பே உருகிவிடும். நல்ல வேளையாக, வீசும் காற்று தட்டுகளைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் இடைவிடாமல் பிரேக்கில் கால் வைத்திருந்தால் சூடு ஆறுவதைவிட ஏறுவது விரைவாகிவிடும்.

சூடு மிகுந்தால் பிரேக் பட்டைகளின் பிடிப்பு குறைகிறது. இன்னொரு கேடும் உண்டு. மிதியின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சுவது. டாட்-4 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும். ஈரமேறிய பின் இந்த வரம்பு 155 டிகிரி. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதி தரைவரை இறங்கும், கார் நிற்காது. பழைய எண்ணெயோடு மலையேறிய குடும்பத்துக்கு, இறங்கும் வரையில் எந்தக் குறையும் தென்படாமல் இருக்கலாம் என்பதே இதில் அஞ்சத்தக்கது.

இதற்கு மாற்று எஞ்சினேதான். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலைப்பாதை லாரி ஓட்டுநர்கள் சொல்வது சரியான இயற்பியல். தாழ்ந்த கியரில் சக்கரங்கள் எஞ்சினை வேகமாகச் சுழற்ற வேண்டியிருப்பதால், ஆற்றலின் பெரும்பகுதி அங்கே செலவாகிறது. தானியங்கிக் கியர் உள்ள கார்களில் 'டி' என்ற நிலையிலேயே விட்டுவிடாமல், 'எல்' அல்லது '2' நிலைக்கோ, கழித்தல் குறியிட்ட பக்கத்துக்கோ தள்ள வேண்டும்.

நியூட்ரலில் இறங்கினால் எரிபொருள் மிச்சம் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. இன்றைய எஞ்சின்களில் உண்மை நேர்மாறானது. கியரில் இருக்கையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், கட்டுப்பாட்டுக் கணினி எரிபொருளை அறவே நிறுத்திவிடுகிறது. எஞ்சினைச் சுழற்றுவது சரிவுதான். நியூட்ரலிலோ எஞ்சின் தானே சுழல எரிபொருளைக் குடித்தாக வேண்டும். எஞ்சினையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம்: ஸ்டீரிங் கனத்துப்போகும், பிரேக்குக்கு வலுவூட்டும் வெற்றிடம் சில மிதிப்புகளில் தீர்ந்துவிடும்.

மின்சாரக் காரில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி வேகத்தைத் தணித்து, மின்கலத்தையும் நிரப்பும். ஆயினும் மலைமேல் இரவெல்லாம் முழுக்க மின்னேற்றிவிட்டுக் காலையில் இறங்கினால், கலத்தில் இடமிருக்காது. அந்தத் தணிப்பும் குறைந்துவிடும். சற்று இடம் விட்டு ஏற்றுவது அறிவுடைமை.

சரிவில் இறங்கும் காரின் படம் போட்ட பொத்தானுக்கு இப்போது வருவோம். அதை அழுத்தினால் காலை எடுத்துவிட்டாலும் கார் மெல்ல ஊர்ந்து இறங்குகிறது. மந்திரம்போலத் தோன்றும். ஆனால் உள்ளே பெரும்பாலும் நடப்பது, கணினி உங்களுக்குப் பதிலாக அதே பிரேக்கைப் பிடிப்பதுதான்; சூடு அதே தட்டுகளில்தான் ஏறுகிறது. சரளைக்கல் பாதையின் குறுகிய, செங்குத்தான இறக்கத்துக்காக ஏற்பட்ட வசதி இது. நீண்ட மலைச்சாலையில் தாழ்ந்த கியருக்கு இது ஈடாகாது. கருகிய வாடை வந்தாலோ, மிதி பஞ்சுபோல் அமுங்கினாலோ, கார் கட்டுக்குள் இருக்கும்போதே கியரைக் குறைத்து, சமமான இடத்தில் ஒதுங்கி அரைமணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடான தட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள், இரும்பு கோணிக்கொள்ளும். ஆறிய பிறகும் மிதி அமுங்கினால் காரை நகர்த்தாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

மலைமேல் கண்ணாடியின் உட்புறம் மூச்சின் ஈரத்தால் மங்கினால், குளிர்சாதனத்தைப் போட்டு, வெளிக்காற்று வரும் நிலைக்குப் பொத்தானை மாற்றுங்கள். குளிர்ந்த குழாயில் ஈரம் படிந்து வெளியேறிவிடும்.

பட்டையும் பையும்

கார் நிற்கும்போது அதைப் பிடித்து நிறுத்துவது சாலை. காருக்குள் இருப்பவரைப் பிடித்து நிறுத்துவது எது? இருக்கைப் பட்டை இல்லையென்றால் எதுவுமில்லை. எதிரே உள்ள பொருளில் மோதும்வரை அவர் பழைய வேகத்திலேயே செல்வார். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, விழுபவர் தரையை அடையும் வேகம். பின் இருக்கையில் இருப்பவருக்கும் இதே கணக்கு. பின்னாலும் பட்டை அணிய வேண்டும் என்பது சட்டம்.

மடியில் குழந்தையை வைத்துக்கொள்ளும் தாய், தன் கைகளை நம்புகிறார். பத்துக் கிலோ குழந்தை அதே வேகத்திலிருந்து பத்தில் ஒரு விநாடியில் நிற்க வேண்டுமானால் 1,400 நியூட்டன் விசை தேவை. 140 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிப்பதற்கு அது சமம்; எந்தத் தாயாலும் இயலாது. திறந்த கூரையின் வழியே குழந்தைகளை நிற்கவைத்துச் செல்வதைப் பற்றி இனி நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களைக் காரோடு பிணைப்பது எதுவுமே இல்லை.

காற்றுப்பை பட்டைக்குத் துணை மட்டுமே. மோதிய பின் நூற்றில் மூன்று, நான்கு பங்கு விநாடிக்குள் அது வெடித்து விரிகிறது. பட்டை அணியாமல் முன்னே சரிந்துவருபவரை, அது விரியும் வேகத்திலேயே தாக்கும். பின்புறம் பார்த்தபடி அமரும் கைக்குழந்தை இருக்கையை முன்னால் பொருத்தினால், குழந்தையின் தலை அந்தப் பையின் வாயிலேயே இருக்கும். அந்த இருக்கையின் இடம் பின்வரிசையே. வேறு வழியே இல்லாதவர்களுக்காக, முன்பயணியின் காற்றுப்பையை மட்டும் நிறுத்தும் திருகு ஒன்று சில கார்களில் உண்டு. முன்கதவைத் திறந்தால் டாஷ்போர்டின் பக்கவாட்டில் தெரியும். காரின் சாவியாலேயே திருப்பலாம். நிறுத்தியதும் அதற்கான விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். குழந்தையை இறக்கியபின் பெரியவர் யாரேனும் அங்கே அமரப் போகிறார் என்றால், மறக்காமல் திருப்பி இயங்கும் நிலையில் வையுங்கள்.