நாகூரிலிருந்து வந்த குரல்

பாட்டைப் பற்றி ஒரு மௌலவி எழுதுவதா என்று சகோதரிகள் சிலர் முகஞ் சுளிக்கக் கூடும். எமது உம்மாமாரின் அடுப்படியிலும் தொட்டிலடியிலும் இரண்டு மூன்று தலைமுறைகளாக ஒலித்த ஒரு குரலைப் பற்றி மௌலவிமார் பேசாதிருப்பதுதான் எனக்கு விசித்திரமாகப் படுகிறது. ஆகும் என்றோ ஆகாது என்றோ ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட்டு நாம் நகர்ந்து விடுகிறோம். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது, எமது பெண்களுக்கு எதைக் கொடுத்தது என்று கேட்பதில்லை.

நாகூர் ஈ.எம். ஹனிபா என்ற பெயரைக் கேள்விப்படாத முஸ்லிம் வீடு இலங்கையில் அரிது. பெயருக்கு அப்பால் அவரைப் பற்றி அறிந்தவர்கள்தாம் குறைவு. இஸ்மாயில் முஹம்மது ஹனிபா 1925 டிசம்பர் 25 இல், தாயாரின் ஊரான இராமநாதபுரத்தில் பிறந்தார். தந்தையாரின் ஊர் நாகூர். முறையாகச் சங்கீதம் கற்றவர் அல்லர். கல்யாண ஊர்வலங்களில் பைத்துப் பாடும் சிறுவர் கூட்டத்தில் பாடிப்பாடி வளர்ந்த குரல் அவருடையது. பதினைந்து வயதளவிலேயே கச்சேரி செய்யத் தொடங்கிவிட்டார். கூட்டத்தின் கடைசி வரிசைவரை எட்டும் கணீரென்ற குரல் என்பதால் 'இசைமுரசு' என்ற பட்டம் அவருக்கு நன்கு பொருந்திற்று.

தமிழ்நாட்டில் அவருக்கு இன்னொரு முகமும் இருந்தது. திராவிட முன்னேற்றக் கழக மேடைகளில் கட்சிப் பாடல்கள் பாடி இலட்சக்கணக்கானோரை ஈர்த்தவர் அவர். சட்ட மேலவை உறுப்பினராகவும் வக்பு வாரியத் தலைவராகவும் இருந்தார். சினிமாவிலும் சில பாடல்கள் உண்டு. குலேபகாவலி (1955), டி.எம். சௌந்தரராஜனுடன் பாவமன்னிப்பு (1961), பிற்காலத்தில் செம்பருத்தி (1992), ராமன் அப்துல்லா (1997) என்று எண்ணிச் சொல்லிவிடலாம். இவையெல்லாம் எமது வீடுகளுக்குப் பெரிதாக எட்டவில்லை. எமக்கு அவர் இஸ்லாமியப் பாடகர் மட்டுமே. 2015 ஏப்ரல் 8 இல், 89 வயதில் சென்னையில் காலமானார். அன்று இங்கு துக்கப்பட்ட மூதாட்டிகளில் பலர் அவருடைய உயரமான தொப்பியைப் படத்தில்கூடப் பார்த்திராதவர்கள்.

முகந் தெரியாத ஒருவர் இத்தனை வீடுகளுக்குள் நுழைந்ததற்கு வானொலியே காரணம். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 இல் ஆரம்பமாயிற்று. அக்காலத்தில் இந்திய அரசு தன் வானொலியில் சினிமாப் பாட்டுகளைக் கட்டுப்படுத்தியிருந்தது. அதனால் தமிழ்நாட்டு மக்களும் கொழும்பு அலைவரிசையைத் தேடிக் கேட்கலாயினர். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இசைத்தட்டு நாகூர்ப் பாடகருடையதாக இருக்கும். அதைச் சுழலவிடுபவர் கொழும்பில் இருப்பார். கேட்பவர் பாடகரின் பக்கத்து ஊர்க்காரராக இருப்பார். எமக்கோ ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முஸ்லிம் சேவை இருந்தது. றமழானில் ஸஹர் நேரத்தில் ரேடியோவைத் திருப்பினால் கிறாஅத், பேச்சு, நடுவே கடல் கடந்து வந்த ஒரு பாட்டு. சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டே உம்மா அதைக் கேட்பார். பள்ளிவாசலில் நடக்கும் பயான் ஆண்களுக்கு. பெண்களுக்குக் கிடைத்தது அந்தப் பெட்டி.

இந்த இடத்தில்தான் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். இன்று கிராமத்துக்குக் கிராமம் பெண்கள் அறபுக் கல்லூரி இருக்கிறது. எமது மூத்தம்மாமாரின் காலத்தில் ஓதக் கொடுத்த லெப்பையிடம் குர்ஆனை முடித்ததோடு பெண்பிள்ளையின் படிப்பு முடிந்தது. அறபுத்தமிழில் எழுதிய மாலைகளும் கிஸ்ஸாக்களும் வாசித்தவர்கள் இருந்தார்கள். சீறாப்புராணத்தைப் படிக்கக் கேட்டவர்களும் இருந்தார்கள். ஆயினும் புலவர் தமிழ் எல்லோருக்கும் விளங்குவதில்லை. ஹனிபா பாடிய தமிழ் விளங்கியது. பாடல்களை எழுதிய நாகூர்ப் புலவர் ஆபிதீன், ஆர். அப்துல் ஸலாம் போன்றவர்கள் பேச்சுக்கு அருகில் நின்று எழுதினார்கள். பாடியவரும் ஒவ்வொரு சொல்லையும் உடைக்காமல், விழுங்காமல் உச்சரித்தார். றசூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் அநாதைப் பருவம், மக்காவில் பட்ட துன்பம், ஸஹாபாக்களின் தியாகம் ஆகியவை எழுத்தறியாத ஒரு பெண்ணின் மனதில் இவ்வாறுதான் பதிந்தன.

நான் ஸீறா பாடம் நடத்தும் வகுப்பில் ஒருமுறை பிலால் (ரழி) அவர்களின் வரலாற்றைத் தொடங்கினேன். ஒரு மாணவி நான் சொல்வதற்கு முன்பே அடுத்தடுத்த சம்பவங்களைச் சொன்னாள். எந்தக் கிதாபில் படித்தீர்கள் மகள் என்று கேட்டேன். "கிதாபுல இல்ல ஹஸரத், எங்கட மூத்தம்மா படிக்கிற பாட்டுல" என்றாள். அந்த மூத்தம்மாவுக்குக் கையொப்பம் இடத் தெரியாது என்றும் சொன்னாள்.

எழுபதுகளின் கடைசியிலிருந்து எமது பெண்கள் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். திரும்பி வருகையில் கொண்டுவந்த பொருள்களில் ரேடியோ கசெட் பெட்டி முக்கியமானது. அதன்பின் பாட்டு வானொலிக்காரரின் விருப்பப்படி வரவில்லை. வேண்டியபோது வந்தது. அதே கசெட்டில் தன் குரலைப் பதிந்து பிள்ளைகளுக்கு அனுப்பிய தாய்மாரும் இருந்தார்கள். ஒரு பக்கம் ஹனிபா, மறுபக்கம் உம்மாவின் ஸலாமும் அழுகையும் என்று இருந்த வீடுகள் எத்தனையோ. காயல் ஷேக் முஹம்மது, தேரிழந்தூர் தாஜுதீன், நெல்லை உஸ்மான் முதலானோரின் பாட்டுகள் எமது கடைத்தெருக்களில் ஒலித்ததும் கசெட்டின் புண்ணியத்தால்தான்.

இனி, சகோதரிகள் என்னிடம் எதிர்பார்க்கும் கேள்விக்கு வருகிறேன். ஹார்மோனியமும் தபேலாவும் சேர்ந்த பாட்டைக் கேட்கலாமா? நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பாலான இமாம்கள் இசைக்கருவிகளை விலக்கினார்கள். அதை நான் மறைக்கப் போவதில்லை. பெருநாளன்று ஆயிஷா (ரழி) அவர்களின் வீட்டில் இரு சிறுமியர் பாடினார்கள். அதைக் கண்டித்த அபூபக்கர் (ரழி) அவர்களிடம், அவர்களை விட்டுவிடுங்கள், இது எமது பெருநாள் என்று நபியவர்கள் சொன்ன செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கல்யாணத்தில் தப் அடித்துப் பாட அனுமதி உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் பாட்டுக் கேட்பது பற்றித் தனிப்பகுதியே எழுதி, குடிகாரர்களின் அடையாளமாகிப்போன நரம்பு, துளைக் கருவிகளை விலக்கி, நல்ல பாட்டை அனுமதித்தார். பேணுதலை நாடுபவர் கருவியைத் தவிர்த்துச் சொல்லை எடுத்துக் கொள்ளட்டும். அந்த மூத்தம்மா கருவியில்லாமல்தான் பேரப்பிள்ளையைத் தாலாட்டினார்.

என்னைக் கேட்டால், கருவியைவிடச் சொல்லைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அந்தப் பாடல்களில் எல்லாமே ஒரே தரத்தன அல்ல. இறைநேசர்களிடமே தேவையைக் கேட்பது போல அமைந்த பாடல்கள் உண்டு. அவற்றை நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. அதேவேளை, அப்துல் ஸலாம் எழுதிய 'இறைவனிடம் கையேந்துங்கள்' நேரே அல்லாஹ்விடம் கேட்கச் சொல்கிறது. அந்தப் பாடலை மாற்று மதத்தவரும் விரும்பிக் கேட்கிறார்கள். இரண்டையும் ஒரே கூடையில் போட்டு வெளியே வீசியவர்கள் பிறகு அந்த இடத்தில் எதை வைத்தார்கள்? சில வீடுகளில் பயான் கசெட் வந்தது, நல்லது. சில வீடுகளில் கருவியில்லாத அறபு நஷீத் வந்தது. குழந்தை அழகாகப் பாடுகிறது, பொருள் கேட்டால் விழிக்கிறது. இன்னும் சில வீடுகளில் மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் தொலைக்காட்சி நாடகம் வந்து உட்கார்ந்து கொண்டது. மாமியின் பாட்டைக் குற்றமென்று நிறுத்திய மருமகள் அந்த நாடகத்தை நிறுத்தவில்லை என்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

கடல் கடந்து குரல் மட்டும் வரவில்லை, ஆளே வந்ததும் உண்டு. சேலத்தில் பிறந்த மொஹிதீன் பேக் சிறுவயதில் கொழும்புக்கு வந்து, இங்கேயே தங்கிச் சிங்களப் பாட்டுலகின் பெரும்புள்ளியானார். 1947 இல் வெளியான அசோகமாலா படத்திலிருந்து பல படங்களில் பின்னணி பாடினார். பௌத்த பக்திப் பாடல்கள் பாடியும் புகழ்பெற்றார். 1991 இல் காலமானார். வெசாக் நாள்களில் அவருடைய குரலைக் கேட்கும் சிங்கள அயலவருக்கு அவர் முஸ்லிம் என்பது தெரியும். எமது பிள்ளைகளில் பலருக்கு அவர் பெயரே தெரியாது. அவர் பாடியவற்றின் விடயத்தில் மார்க்கம் பேச நிறைய உண்டு, அது வேறு கட்டுரைக்கான பொருள்.

அண்டை நாட்டுப் பாட்டு வந்ததில் எமக்கு ஓர் இழப்பும் நேர்ந்தது. கிழக்கு மாகாணப் பெண்கள் வயலுக்கும் காதலுக்கும் பிரிவுக்கும் கவி கட்டியவர்கள். தாலாட்டு அவர்களின் சொந்தச் சொத்து. களிகம்பு, பொல்லடிப் பாட்டுகள் ஆண்களிடம் இருந்தன. வானொலியில் வந்த குரல் பெரிதாக ஒலித்தபோது, வீட்டுக்குள் இருந்த சிறு குரல் வெட்கப்பட்டு அடங்கிவிட்டது. ஹனிபாவின் பாட்டு இசைத்தட்டிலும் கசெட்டிலும் இருந்ததால் இன்று கைப்பேசியில் பேரப்பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது. மூத்தம்மாவின் கவி எதிலும் பதியப்படவில்லை.

சென்ற விடுமுறையில் மாணவிகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலுள்ள மூத்த பெண்ணை உட்காரவைத்து, தெரிந்த பாட்டையெல்லாம் படிக்கச் சொல்லிக் கொப்பியில் எழுதி வாருங்கள் என்றேன். பாதிக்கு மேல் நாகூரார் பாட்டு. பாட்டின் பெயர் தெரியாத இடத்தில் 'ரேடியோப் பாட்டு' என்று எழுதியிருந்தார்கள். மீதியில் தாலாட்டு இருந்தது, மழை கேட்டுப் படித்த பைத்து இருந்தது, மாப்பிள்ளையைக் கேலி செய்யும் பாட்டு ஒன்றும் இருந்தது. அந்தக் கேலிப் பாட்டின் கடைசி அடிகளை மட்டும் ஒரு மூதாட்டி பேத்திக்குச் சொல்ல மறுத்துவிட்டாராம். ஹஸரத் வாசிக்கிற கொப்பியில் அது வேண்டாம் என்றாராம்.