வீட்டில் இணைத்த கணினியும் விரைவு குன்றிய வைஃபையும்

கணினியின் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தாமே இணைத்துக்கொள்ளும் ஆர்வம் இற்றை நாளில் மாணாக்கர் பலரிடம் காணப்படுகின்றது. தாய்ப்பலகை, செயலி, நினைவகம், மின்வழங்கி முதலியவற்றைத் தத்தம் தேவைக்கும் பொருள்வசதிக்கும் ஏற்பத் தெரிந்தெடுத்து, உலோகக் கூடொன்றினுள் பொருத்தி, அது உயிர்பெற்று இயங்கக் காணும்போது எய்தும் மகிழ்ச்சி பெரிது. ஆயின் அம்மகிழ்ச்சி ஆறுமுன்னரே ஒரு குறை தலைகாட்டுவதுண்டு. கணக்கிடுவதிற் சிறிதும் தளராத அப்பொறி, வைஃபை எனப்படும் கம்பியில்லா வழியால் இணையத்தை நாடும்போது மட்டும் ஊர்ந்து செல்கின்றது. அதே மேசைமீது கிடக்கும் கைத்தொலைபேசியோ தங்குதடையின்றி இயங்குகின்றது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது?

இக்குறையைச் சிறிதென்று தள்ளுதல் இயலாது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கையிற் பாடசாலைகள் மூடப்பட்டு, வகுப்புகள் திரையில் நிகழத் தொடங்கிய காலத்தில், ஆசிரியரின் குரல் இடையிடையே அறுந்துபோதல் பாடத்தையே இழத்தற்கு ஒப்பாயிற்று. அன்றியும், காரணத்தை ஆராயாது கட்டணம் கூடிய திட்டத்துக்கு மாறுவோரும், புதிய ரவுட்டர் வாங்குவோரும் உளர். செலவு முடிந்த பின்னரும் குறை நின்றவாறே நிற்பதுண்டு. நோய் ஓரிடத்திலும் மருந்து பிறிதோரிடத்திலும் இருத்தலே அதற்குக் காரணம். ஆதலின், பணத்தைச் செலவிடுமுன் நோயின் இருப்பிடத்தைக் காணும் முறை அறியத்தக்கது.

விரைவு என்பது யாது?

விரைவு என்ற ஒரு சொல்லால் இருவேறு பொருள்கள் சுட்டப்படுகின்றன. ஒரு விநாடியில் எத்துணைத் தரவு வந்து சேர்கின்றது என்பது ஒன்று. அனுப்பிய வினாவுக்கு விடை திரும்ப எத்துணை நேரம் செல்கின்றது என்பது மற்றொன்று. அகலமான வாய்க்காலில் நீர் மிகுதியாக வரலாம்; ஆயினும் மதகு திறந்து நெடுநேரத்தின் பின்னரே வயலை வந்தடையலாம். பெரிய கோப்பொன்றை இறக்குவதற்கு முன்னையது வேண்டும். திரைவழி உரையாடலுக்குப் பின்னையதும், அது ஏறியிறங்காது சீராக நிற்றலும் வேண்டும்.

அளவைகளிலும் மயக்கம் உண்டு. சேவை வழங்குவோர் விரைவைப் பிற்றுக்களிற் கூறுவர். கணினியோ கோப்புகளைப் பைற்றுக்களில் அளக்கும். எட்டுப் பிற்றுக்கள் ஒரு பைற்று ஆகும். எனவே விநாடிக்கு 100 மெகாபிற்று என்பது 12.5 மெகாபைற்றுக்குச் சமம். 750 மெகாபைற்று அளவுள்ள கோப்பு 60 விநாடியில் இறங்குமாயின் அவ்விணைப்பில் யாதொரு குறையும் இல்லை. இக்கணக்கை அறியாதார், வாக்களித்த வேகத்தில் எட்டிலொரு பங்கே கிடைக்கின்றது என்று வீணே வருந்துவர்.

வழியை மூன்றாகப் பகுத்தல்

இணையத்திலிருந்து தரவு வந்து சேரும் வழி மூன்று கூறுகளை உடையது. வெளியிலிருந்து ரவுட்டர் வரை வருவது முதற் கூறு; ரவுட்டரிலிருந்து கணினியின் அன்ரெனா வரை ஆகாயத்திற் செல்வது இரண்டாவது; அன்ரெனாவிலிருந்து கணினியின் உள்ளே சென்று மென்பொருளை அடைவது மூன்றாவது. மூன்றில் எது மெலிந்ததோ அதன் அளவே முழுவழியின் அளவாகும். ஏனைய இரண்டையும் எவ்வளவு விரித்தாலும் பயனில்லை.

மெலிந்த கூற்றைக் காண எளிய சோதனைகள் உள. ஈதர்நெற் வடமொன்றினாற் கணினியை ரவுட்டருடன் நேரே இணைத்து விரைவை அளக்க. அப்பொழுதும் தாமதம் நீங்காதாயின், குறை பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே உள்ளது. மாதத்துக்குரிய தரவளவு தீர்ந்தமையால் விரைவு குறைக்கப்பட்டிருத்தலும் கூடும். வடத்தின்வழி விரைவு மிகுந்து, வைஃபையின்வழி குன்றுமாயின், முதற் கூறு குற்றமற்றது என்பது துணியப்படும். அந்நிலையிற் கட்டணம் கூடிய திட்டத்துக்கு மாறுதல் வீண்செலவேயாம்.

பிங் என்னும் கட்டளையும் இவ்வகையில் உதவுவது. அது சிறு பொதிகளை அனுப்பி, அவை திரும்பிவரும் நேரத்தை மில்லிவிநாடியில் அளந்து காட்டும். முதலில் 192.168.1.1 என்பதுபோன்ற ரவுட்டரின் முகவரிக்கும், பின்னர் வெளியிலுள்ள தளமொன்றுக்கும் அதனை அனுப்பி ஒப்பிடுக. நல்ல இணைப்பில் ரவுட்டரின் விடை சில மில்லிவிநாடிகளுள் வந்துவிடும். அதே வீட்டிலுள்ள ரவுட்டரின் விடையே நூற்றுக்கணக்கான மில்லிவிநாடிகளுக்கு ஏறியிறங்குமாயின், அல்லது பொதிகள் இடையிலே தொலையுமாயின், குறை வீட்டினுள்ளேயே இருக்கின்றது.

கணினி காட்டும் இணைப்பு வேகமும் நோக்கத்தக்கது. வின்டோஸ் அமைப்பில் வைஃபைப் பண்புகளைக் காட்டும் பக்கத்தில் இது காணப்படும். ஆங்கு 72 மெகாபிற்று எனக் காணின், 100 மெகாபிற்றுத் திட்டத்தின் முழுப்பயனை அக்கணினி ஒருபோதும் பெறாது. அந்த 72உம் ஆகாயத்தில் எய்தக்கூடிய உச்ச அளவேயன்றி, கைக்கு வரும் அளவன்று. முறைவைத்துப் பேசுவதற்கும் பொதி சேர்ந்ததை உறுதிசெய்வதற்கும் ஒரு பகுதி கழிந்துவிடும்.

உலோகக் கூடு

இனி, கைத்தொலைபேசி விரையக் கணினி தாமதிப்பது ஏன் என்னும் வினாவுக்கு வருவாம். ஜேர்மனியின் கார்ல்ஸ்றூ நகரிற் பணியாற்றிய ஹெயின்றிச் ஹேர்ட்ஸ், மின்காந்த அலைகள் உளவென்பதை 1887, 1888ஆம் ஆண்டுகளிற் செய்த பரிசோதனைகளால் நிறுவினார். அவ்வலைகள் பெரிய நாகத் தகட்டிற்பட்டுத் தெறித்துத் திரும்புவதையும், செல்லும் அலையும் திரும்பும் அலையும் கூடி நிலையலைகளைத் தோற்றுவிப்பதையும் அவர் கண்டார். உயர்தர வகுப்பிற் பௌதிகம் கற்கும் மாணாக்கர் இதனை நன்கறிவர். மேசைக் கணினியின் குறையை விளக்க இவ்வுண்மையே போதியதாகும்.

கைத்தொலைபேசியிலும் மடிக்கணினியிலும் அன்ரெனாவுக்கு உரிய இடத்தை அவற்றை வடிவமைத்தவர் முன்னரே ஆராய்ந்து அமைத்துள்ளார். மடிக்கணினியில் அது பெரும்பாலும் திரையின் ஓரத்தே, உயர்ந்த இடத்திற் பதிக்கப்பட்டிருக்கும். வீட்டில் இணைத்த கணினியிலோ, வைஃபை உறுப்பு உருக்குத் தகட்டாலாய கூட்டினுள் இருக்கின்றது. அதன் அன்ரெனாக்கள் பின்புறத்தேயுள்ள இரு திருகுவாய்களிற் பொருத்தப்பட வேண்டியவை. தாய்ப்பலகையுடன் வரும் அன்ரெனாக்களை வேண்டாப் பொருளென எண்ணி அட்டைப்பெட்டியிலேயே விட்டுவிடுவோர் உளர். ரவுட்டர் அணித்தாயின் அன்ரெனா இன்றியும் இணைப்பு ஓரளவு கிடைக்கும். அதுவே மயக்கத்துக்கு இடமாகின்றது. இணைப்புக் கிடைத்தலும் நன்கு கிடைத்தலும் ஒன்றல்ல.

அன்ரெனாவைப் பொருத்திய பின்னும் குறை முற்றாக நீங்காதிருக்கலாம். கூட்டின் பின்புறம் சுவரை நோக்கி, மேசைக்குக் கீழே இருக்குமாயின், ஒருபக்கம் உலோகமும் மறுபக்கம் சுவருமாக அன்ரெனா சிறைப்பட்டுவிடும். சமிக்ஞையின் வலிமையைக் குறிக்கும் டிபிஎம் என்னும் அளவையில், ஒவ்வொரு பத்து அலகும் பத்து மடங்கைக் குறிக்கும். மறை 40 என்பது மறை 70 ஆகக் குறையின், வந்து சேரும் வலு ஆயிரத்திலொரு பங்காயிற்று என்பது பொருள்.

இதற்குப் பரிகாரம் எளிது. நீண்ட வடமும் அடித்தளமும் உடைய அன்ரெனாவை வாங்கி, மேசையின்மேல் உயரத்தில் வைக்கலாம். அல்லது கூட்டைத் திருப்பி வைக்கலாம். 2.4 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில் அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்ரிமீற்றர். நிலையலையில் உச்சத்துக்கும் அடுத்த கணுவுக்கும் இடைத்தூரம் அலைநீளத்தின் காற்பங்கு, அதாவது ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர். எனவே அன்ரெனாவைச் சில விரற்கடை நகர்த்துதலே பெரும் வேறுபாட்டை விளைவிக்கக்கூடும். கோல் வடிவான அன்ரெனா தன் நுனியின் திசையில் மிகக் குறைவாகவும், பக்கங்களில் மிகுதியாகவும் இயங்குவது. ஆதலின் அதன் நுனியை ரவுட்டருக்கு நேரே நீட்டி வைத்தல் தவறாகும்.

அயலிலுள்ள இரைச்சல்

யூ.எஸ்.பி. வாயிலிற் செருகும் சிறு வைஃபைக் கருவியைப் பயன்படுத்துவோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். யூ.எஸ்.பி. 3.0 இணைப்புகளில் தரவு ஓடும்போது எழும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையையும் தாக்குகின்றது என்பதை இன்ரெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆய்வறிக்கை விளக்கியது. வெளிவன்தட்டொன்று இயங்கும் வாயிலுக்கு அருகே வைஃபைக் கருவியும் செருகப்பட்டிருப்பின், கோப்புகளைப் படியெடுக்குந்தோறும் இணையம் தளர்வதைக் காணலாம். ஒரு மீற்றர் நீளமுள்ள நீட்சி வடத்தால் அக்கருவியை அப்பாற் கொண்டுவைத்தலே தக்க பரிகாரம்.

பொதுவான ஆகாயம்

கம்பி ஒருவருக்கே உரியதாகலாம். ஆகாயம் யாவர்க்கும் பொது. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார் தீவுகளுக்கிடையே வானொலி அலைகளாற் கணினித் தொடர்பை ஏற்படுத்தினர். அலோகாநெற் எனப்பட்ட அவ்வமைப்பில், இருவர் ஒரே வேளையிற் பேசின் இருவர் செய்தியும் சிதைந்து, மீண்டும் அனுப்பப்பட வேண்டியதாயிற்று. வைஃபைக் கருவிகளோ, பிறர் பேசவில்லை என்பதைச் செவிமடுத்து அறிந்த பின்னரே பேசுகின்றன. ஆயினும் பேசுவோர் பெருகப்பெருக ஒவ்வொருவரும் காத்திருக்கும் நேரமும் பெருகும்.

2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் அலைவரிசைகள் 5 மெகாஹேர்ட்ஸ் இடைவெளியில் அமைந்துள்ளன. ஓர் ஒலிபரப்போ ஏறத்தாழ 20 மெகாஹேர்ட்ஸ் இடத்தைக் கொள்ளும். ஆகவே ஒன்றன்மேலொன்று படியாது நிற்பன 1, 6, 11 ஆகிய மூன்றே. அயல்வீட்டார் 6இல் இருக்க, விலகி நிற்பதாக எண்ணி 8ஐத் தெரிவு செய்வோர் இருவர்க்கும் இடரே விளைப்பர். நுண்ணலை அடுப்பும் புளூரூத் கருவிகளும் இதே பட்டையில் இயங்குவன. 5 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் இடம் அதிகம், நெருக்கம் குறைவு. ஆனால் அவ்வலைகள் சுவரைக் கடக்கையில் மிகுதியாக வலுவிழக்கும். ஒரே அறையாயின் 5 கிகாஹேர்ட்ஸ் சாலச் சிறந்தது. இடையே தடித்த சுவர்கள் இரண்டு மூன்று இருப்பின், இரு பட்டைகளையும் அளந்து பார்த்தே தெளிதல் வேண்டும்.

மென்பொருளும் சோதிக்கும் ஒழுங்கும்

தொழிற்சாலையிலிருந்து வரும் கணினியில் ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய இயக்கி மென்பொருள் முன்னரே நிறுவப்பட்டிருக்கும். வீட்டில் இணைத்த கணினிக்கு அதனை இணைத்தவரே நிறுவுதல் வேண்டும். வின்டோஸ் தானாகத் தரும் பொதுவான இயக்கியால் வைஃபை இயங்கலாம். எனினும் அவ்வுறுப்பை ஆக்கியோர் வெளியிடும் இயக்கியை நிறுவியபின் குறை நீங்குவதுமுண்டு. மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு வைஃபை உறுப்பை இடையிடையே உறங்கவிடும் ஏற்பாட்டையும் நிறுத்திப் பார்க்கலாம்.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் ஒருங்கே மாற்றுதல் கூடாது. அவ்வாறு மாற்றிக் குறை நீங்கினும், எதனால் நீங்கிற்று என்பது அறியப்படாது. மீண்டும் தோன்றின் முதலிலிருந்தே தொடங்க நேரும். முதலில் வடத்தால் அளத்தல், அடுத்து அன்ரெனாவை நோக்குதல், பின்னர் இடத்தை மாற்றுதல், அதன்பின் பட்டையையும் அலைவரிசையையும் மாற்றுதல், அதற்கு மேல் இயக்கியைப் புதுப்பித்தல் என்ற ஒழுங்கிலே, ஒவ்வொரு முறையும் ஒன்றையே மாற்றி, மும்முறை அளந்து குறித்துக்கொள்ளுதல் நன்று. பிற்பகலில் எடுத்த அளவை இரவில் எடுத்த அளவோடு ஒப்பிடுதல் பொருந்தாது. இரவில் அயலாரும் இணையத்தை நாடுவர். ஒரு தாளும் பேனாவும் இச்சோதனைக்குப் போதும்.

எல்லாம் செய்தும் குறை நீங்காதாயின், வடமே துணை. கற் 5ஈ வகை வடம் 100 மீற்றர் வரை விநாடிக்கு 1,000 மெகாபிற்றுத் தாங்கும். இடம்பெயராத மேசைக் கணினிக்கு வடம் இழிவன்று. கம்பியில்லா முறை அசையும் கருவிகளுக்கே இன்றியமையாதது. நிலையாக இருக்கும் பொறி ஆகாயத்தை விட்டு விலகின், அவ்வீட்டிலுள்ள ஏனையோர்க்கும் ஆகாயத்திற் பங்கு கூடும்.

கடையிற் கொள்ளும் கணினியில் அன்ரெனாவின் இடம் முதல் இயக்கி வரை யாவற்றையும் யாரோ ஒருவர் கண்காணாத இடத்திலிருந்து எண்ணி அமைத்துள்ளார். தானே இணைப்பவன் அவரது வேலையையும் ஏற்றுக்கொள்கின்றான். செயலியும் நினைவகமும் தெரிவதிற் காட்டும் கருத்தை, பெட்டியின் அடியிற் கிடக்கும் அன்ரெனாவிலும் அவன் காட்டுவானாயின், இக்குறையிற் பெரும்பகுதி தோன்றவே மாட்டாது. தோன்றினும், பரிசோதனைச்சாலையிற் கற்ற முறையே வீட்டிலும் அவனுக்குக் கைகொடுக்கும். வழியைப் பகுத்து, ஒவ்வொரு கூற்றையும் அளந்து, ஒன்றை மாற்றி மீண்டும் அளப்பவன் பணத்தையும் காலத்தையும் காத்துக்கொள்வான்.