வெள்ளம் வடிந்த பிறகு

சூறாவளி வீசி ஓய்வது ஓரிரு நாளில் முடிந்துவிடும். அது விட்டுச்செல்லும் சேற்றோடு சர்க்கார் மல்லுக்கட்டுவதோ மாதக்கணக்கில் நீடிக்கும். 2005 ஆகஸ்ட் 29-ஆம் தேதி அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கிய கத்ரீனா சூறாவளியில், கால்வாய்க் கரைகள் உடைந்து நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் நூற்றுக்கு 80 பங்கு மூழ்கிப்போக, அந்த நீரை இறைத்து முடிக்கவே 43 நாட்கள் பிடித்தன.

சாக்கடையும் எண்ணெயும் ரசாயனங்களும் கலந்து தேங்கிய அந்த நீரை மொண்டு பரிசோதித்த சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நிபுணர்கள், மலக்கிருமிகள் மிதமிஞ்சியிருக்கக் கண்டு, அதில் காலை வைப்பதே அபாயம் என்று எச்சரித்தார்கள். பக்கத்துச் செயின்ட் பெர்னார்ட் வட்டாரத்திலோ, மர்ஃபி ஆயில் கம்பெனியின் பிரம்மாண்டமான தொட்டியொன்று வெள்ளத்தில் பெயர்ந்து, 10 லட்சம் காலனுக்கு மேற்பட்ட கச்சா எண்ணெய் குடியிருப்புகளுக்குள் பாய்ந்தது.

மின்சாரமின்றி வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த குளிர்பதனப் பெட்டிகளைத் திறக்கத் துணியாத ஜனங்கள், ஒட்டுநாடாவால் அவற்றை இறுகச் சுற்றித் தெருவோரத்தில் தள்ளினார்கள். லட்சக்கணக்கில் சேர்ந்த அத்தகைய சாதனங்களைத் திரட்டி, அழுகிய பண்டங்களை வழித்தெடுத்து, குளிரூட்டப் பயன்படும் ஃபிரியான் வாயு காற்றில் கலந்துவிடாதபடி உறிஞ்சி, எஞ்சிய கூட்டைப் பழைய இரும்பாக அனுப்பும் அருவருப்பான காரியத்தையும் பேசாமல் செய்தவர்கள் உண்டு.

அள்ளுவதில் காட்டிய சிரத்தையை அறிவிப்பதில் காட்டவில்லை என்பதே வருந்தத்தக்க விஷயம். வெள்ளம் படியவிட்ட வண்டலில் ஈயம், ஆர்சனிக் முதலியவற்றைத் தேடிய முகமை, பெரும்பான்மையான முடிவுகளின்படி ஆரோக்கியத்துக்குத் தீங்கை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று 2005 டிசம்பரில் கூறிற்று. ஆனால், சேதத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது போன்ற குறுகிய வருகைக்கே அது பொருந்தும் என்பதை 2006 ஆகஸ்ட் வரை வெளியிடவில்லை என்று, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சபைக்காகத் தணிக்கை செய்யும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2007-இல் குறை கூறியது. வீடுகளை இடித்துப் புதுப்பிக்கும்போது கல்நார்த் தூசி எழக்கூடிய பேட்டைகளில் காற்றின் தரத்தைக் கண்காணிக்கும் கருவிகள் வைக்கப்படவில்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

ஒரு மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கும், அந்த முற்றத்திலேயே குழந்தையைத் தவழவிட வேண்டிய தாய்க்கும் ஒரே பதில் போதுமா? பரிசோதனைச் சாலையின் கணக்கு பிழையற்றதாக இருக்கலாம். அது யாருக்கு, எத்தனை காலத்துக்குப் பொருந்தும் என்பதையும் அதே மூச்சில் சொன்னால்தான், ஊர் திரும்பலாமா என்று தவிக்கும் குடும்பம் தன் முடிவைத் தானே எடுக்க முடியும்.