முடியிழந்தபின் 28 ஆண்டுகள்

இடைக்காலத்திலே அரியணையை இழந்த மன்னர் பலர் உயிரையும் உடனிழந்தனர். பைசாந்தியப் பேரரசிலோ, உயிரை விட்டுவைத்தாலும் கண்களைப் பறித்துவிடும் கொடிய வழக்கமொன்று இருந்தது. கண்ணிழந்தவன் அரசாளத் தகுதியற்றவன் என அந்நாட்டார் கருதினர். நான்காம் ஜோன் என்னும் பாலகனுக்கு 1261ஆம் ஆண்டில் நேர்ந்த கதி அதுவே. அத்தகைய நாட்டிலே, முடியிழந்த பின்னரும் 28 ஆண்டுகள் மதிப்போடு வாழ்ந்த ஒருவரை நாம் காண்கிறோம். அவரே ஆறாம் ஜோன் கந்தகூசினோஸ்.

1341 இல் மன்னர் மூன்றாம் அந்திரோனிக்கோஸ் இறந்தபோது, அவர் மைந்தன் ஐந்தாம் ஜோனுக்கு வயது ஒன்பது. மன்னரின் உற்ற நண்பரும் சேனாதிபதியுமான கந்தகூசினோஸ் ஆட்சிப் பொறுப்பை ஏற்க முற்பட்டார். அரண்மனையார் அவரைப் பகைவரெனச் சாற்ற, அவரும் தம்மைப் பேரரசரெனப் பிரகடனஞ் செய்தார். உள்நாட்டுப் போர் மூண்டது. ஒட்டோமன் துருக்கியரின் துணையை நாடி, தம் மகள் தியோடோராவை அவர்தம் தலைவர் ஒர்கானுக்கு மணமுடித்துக் கொடுத்தார்.

1347 இல் வெற்றி கிட்டியது. ஆயினும் முடிசூட்டு விழாவிலே மின்னியவை இரத்தினங்களல்ல, வண்ணக் கண்ணாடித் துண்டுகளே! மெய்யான மணிகள் போர்ச்செலவுக்காக வெனிஸ் நகரத்தாரிடம் ஈடுவைக்கப்பட்டிருந்தன. கந்தகூசினோஸ் பழி வாங்கவில்லை. இளவரசரை உடனரசராக ஏற்று, மற்றொரு மகள் எலேனாவை அவருக்கே மணமுடித்து வைத்தார்.

அந்த மருமகனே பின்னர் எதிரியானார். 1354 நவம்பரில், ஜெனோவா வீரனொருவனின் துணையோடு அவர் கொன்ஸ்தாந்திநோப்பிளுட் புகுந்தார். மேலும் குருதி சிந்தப் போரிடாது, கந்தகூசினோஸ் முடியைத் துறந்து துறவியானார். அன்று அவர் காட்டிய பெருந்தன்மையும், பின்னர் காலமறிந்து விலகியமையுமே அவரைக் காத்தன என்பது எம் கருத்து.

துறவியான அவர் தம் காலத்து வரலாற்றை நான்கு நூல்களாக எழுதினார். தம்மையே வேறொருவர் போலப் படர்க்கையில் வைத்து, தாம் நெடுநாள் விரும்பிய துறவையே மேற்கொண்டதாகக் கூறுகிறார். தோற்றவர் எழுதிய வரலாறு கிடைப்பது அரிது. ஆயினும் மாணவர்கள் அதனை வினாவோடு படித்தல் வேண்டும். அவர் துணைக்கழைத்த துருக்கியர், 1354 இல் நிலநடுக்கத்தால் மதிலிடிந்த கலிப்போலியைக் கைப்பற்றி, ஐரோப்பாவில் நிலையாகக் காலூன்றினர். 99 ஆண்டுகளின் பின், 1453 இல், தலைநகரும் அவர்கள் வசமாயிற்று. தம் உயிரைக் காத்துக்கொண்டவரால் தம் நாட்டைக் காக்க முடியவில்லை.

1383 இல் மிஸ்திரா நகரில் அவர் மறைந்தார். அவருடைய சமய நூல்கள் அடங்கிய ஏட்டுப் பிரதியொன்று பாரிஸ் நகரிலே பேணப்படுகிறது. அதன் ஓர் ஓவியத்தில், அரச உடையிலும் துறவியின் கரிய அங்கியிலுமாக அவர் இருமுறை அருகருகே தோன்றுகிறார். துறவியான பின்னர் தீட்டப்பட்ட அவ்வோவியத்திலும் அவரது மணிமுடி இடம்பெற்றிருப்பது சிந்திக்கத்தக்கது.