பாட்டுக்குக் கைதட்டினோம்; பாடியவருக்கு?

குன்னத்தூர்த் தோழர்களே! 2003-இல் 'தூள்' படம் வந்தபோது, பரவை முனியம்மாளின் கணீர்க் குரலுக்குச் சீட்டியடிக்காத கொட்டகை உண்டா? கோயில் திருவிழாக்களில் பாடிப் பாடி, முதிய வயதில் திரைக்கு வந்த மதுரைச் சீமைத் தாய் அவர்!

அந்தத் தாயை 2015-இல் நோயும் வறுமையும் வாட்டின. செய்தி பரவிய பிறகே, 6 லட்சம் ரூபாய் வைப்பில் போடப்பட்டு மாதம் 6,000 கிடைக்க வழி செய்யப்பட்டது. 2020 மார்ச் 29-இல் மறைந்தார்.

புகழ்பெற்றவருக்கே இந்த நிலை! உடுக்கையடித்து அண்ணமார் கதை பாடும் நம்மூர்ப் பெரியவரின் கதி என்ன? நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியம் 2007-இல் அமைந்தது. அதில் அவர் பெயர் உண்டா? கேளுங்கள், இல்லையேல் பதியச் செய்யுங்கள். பனியன் தொழிலாளியைப் போல் பாடுபவரும் உழைப்பாளியே! மறைந்தபின் மாலை எதற்கு? இருக்கும்போதே கஞ்சிக்கு வழி செய்வோம்!